முதல் கரண்டி

— அறுபத்தோரு நாள் ஆச்சு மேடம், என் கையால அவ ஒரு வாய் சாப்பிட்டு.

— அறுபத்தொண்ணா? சரியாத் தெரியுமாம்மா?

— பெத்தவளுக்குத் தெரியாதா? காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆக்கி மூடி வெச்சுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து பாத்தா மூடினது மூடினபடி இருக்கு. கொட்டிட்டுப் பாத்திரம் தேய்க்கறேன். மறுநாள் மறுபடியும் ஆக்கறேன்.

— மேடம்னு கூப்பிடாதீங்கம்மா. நான் டாக்டர் கூடக் கிடையாது. ஆராய்ச்சி மாணவிதான். உங்க பொண்ணு வயசு… ஐயோ, மன்னிச்சுக்கோங்க. உங்க பையன் வயசுதான் எனக்கு.

— பாத்தீங்களா, பொண்ணுன்னுதான் வாயில வருது. அதுதான் நெஜம்.

— இல்லம்மா, வாய் தவறிடுச்சு. நாங்க இங்க அவருன்னுதான் சொல்லுவோம். திருநம்பின்னு சொல்லணும்.

— என்ன நம்பி?

— திருநம்பி. பொறந்தப்ப பொண்ணுன்னு சொல்லிட்டாங்க, ஆனா அவரு ஆண். அப்படி இருக்கறவங்களுக்கு மரியாதையா ஒரு பேரு.

— நம்பி நம்பித்தான் மேடம் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

— அது வந்து… சரிம்மா. நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு கேக்கலாமா?

— ஸ்கூல்ல சமையல். மத்தியானத்துக்கு நானூறு புள்ளைங்க. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு தட்டை நீட்டும். முன்னெல்லாம் அதைப் பாத்தா வயிறு நெறஞ்சுடும். இப்ப அதுங்க எதிர்க்க நிக்கவே வெக்கமா இருக்கு. ஊர்ப் புள்ளைங்க எல்லாம் என் கைச் சோறு திங்குது. நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு, அது டப்பாவைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குது. கூட வேலை பாக்கறவ கேக்கறா, உன் பொண்ணு ஏன் இப்படி எலும்பாப் போயிட்டான்னு. தைராய்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— வேற எதுவுமே சாப்பிடறதில்லையா?

— முட்டை. அதையும் அவளேதான் வேகவெப்பா, அவளேதான் உரிப்பா. வாழைப்பழம். ஆரஞ்சு. வேர்க்கடலைய ஓட்டோட வாங்கிட்டு வந்து மூலையில உக்காந்து டக்கு டக்குன்னு உடைப்பா. வீட்டுல அணில் வளக்கற மாதிரி இருக்கு.

— அது ரொம்ப முக்கியமான விஷயம்மா. அதை வெச்சு நான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்.

— முட்டைய வெச்சா?

— தோலை வெச்சு. அவரு சாப்பிடறது எல்லாத்துக்கும் ஓடோ தோலோ இருக்கு, பாருங்க. தன் உடம்பு தன்னோடது இல்லன்னு நெனக்கறவங்களுக்கு, மேல இருக்கறதை உரிச்சுட்டா உள்ளேர்ந்து நெஜமான ஆள் வந்துடுவாருன்னு ஒரு ஏக்கம் இருக்கும். அந்த ஏக்கம் இப்படிச் சாப்பாட்டுல வெளிப்படுது. எங்க ப்ரொஃபசரே ஒத்துக்கிட்டாங்க. இந்தக் கோணத்துல இதுவரைக்கும் யாரும் எழுதல.

— கடலை உரிக்கறதுல இவ்வளவு சமாச்சாரம் இருக்கா?

— இருக்கலாம்மா.

— படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் என்னத்தச் சொல்ல.

— தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு எதுக்கு வரச் சொன்னோம்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?

— வீட்டுச் சாப்பாடு ஒரு டப்பாவுல கொண்டு வாங்கன்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க. சோறும் காயும் கலந்து கொண்டு வந்திருக்கேன். அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து கலந்து குடுத்தாத்தான் பிடிக்கும்.

— இதுக்குச் சோதனைச் சாப்பாடுன்னு பேரு. எங்க எதிர்க்க உக்காந்து அவரு சாப்பிடணும். அதைப் பாத்து நான் எழுதணும். திங்கக்கிழமை டாக்டருங்க கூடி முடிவு பண்ணுவாங்க.

— சாப்பிடலன்னா?

— வார்டுல சேக்கணும்னு சொல்லுவாங்க. மூக்கு வழியா ட்யூப் போட வேண்டியிருக்கும். எடை ஏறற வரைக்கும் ஹார்மோன் ஊசியையும் நிறுத்திடுவாங்க.

— ஊசிய நிறுத்திடுவாங்களா?

— ஆமாம்மா.

— ஒரேயடியாவா?

— அது சொல்ல முடியாது. மறுபடி ஆரம்பிக்க ஒரு வருஷம் ஆனாலும் ஆகும். அம்மா… உங்களுக்கு அதுல சந்தோஷமா?

— நான் அப்படிச் சொன்னேனா?

— இல்ல. கேட்டது தப்புன்னா விட்டுடுங்க.

— பொய் எதுக்குச் சொல்லணும். அந்த ஊசி உள்ள போனதுலேர்ந்து குரல் உடைஞ்சுது. மீசை அரும்புது. போன மாசம் தெருவுல ஒருத்தி கேக்கறா, உங்க வீட்டுல ஒரு தம்பி இருக்காரே, யாரு அதுன்னு. சொந்தக்காரப் பையன்னு சொல்லிட்டேன். பெத்த புள்ளைய சொந்தக்காரப் பையன்னு சொன்ன வாய் இது.

— அவரு காதுல விழுந்துதா?

— பக்கத்துலதானே நின்னா. "ஆமாங்க, ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிடுவேன்"னு அவளும் சேந்து சொன்னா. என்னைக் காட்டிக் குடுக்கல. வீட்டுக்குள்ள வந்தும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா கூட ஆறியிருக்கும்.

— வெளியிலதான் உக்காந்திருக்காரு. கூப்பிடட்டுமா?

— கூப்பிடுங்க. ஊசியப் பத்தி நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

— உள்ள வாங்க. அம்மா இங்கதான் இருக்காங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

— வணக்கம் ஆராய்ச்சி மேடம். வணக்கம்மா. அட, எனக்கு முன்னாடியே டப்பா வந்து எடம் பிடிச்சுடுச்சே.

— நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கண்ணு ரெண்டும் குழியில கெடக்கு.

— கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவன்மா. குழியில கெடந்தாலும் தெரியற மாதிரி ஒண்ணு மாட்டிக்குவேன்.

— சிரிக்காத. உங்க முதலாளி போன் பண்ணினாரு. லென்ஸ் தேய்க்கற மெஷின் மேல மயங்கிச் சாய்ஞ்சுட்டியாம். இத்தனூண்டு தள்ளி விழுந்திருந்தா விரல் போயிருக்கும்னாரு.

— போகல இல்ல. பத்தும் இருக்கு, எண்ணிக்கோ.

— எடை பாத்தாங்களா உங்களுக்கு?

— பாத்தாங்க மேடம். முதுகைக் காட்டி நிக்க வெச்சாங்க. நம்பரைச் சொல்ல மாட்டாங்களாம், தெரிஞ்சா எனக்கு மனசு கெட்டுடுமாம். நர்ஸு உச்சு கொட்டினதுலேயே தெரிஞ்சுபோச்சு.

— நம்பரைப் பாத்தா இன்னும் குறைக்கணும்னு சில பேருக்குத் தோணும். அதுக்காகத்தான்.

— எனக்குக் குறைக்கணும்னு ஆசையே இல்ல. உங்க கேள்வித்தாள்ல அதையே எட்டு விதமா மாத்தி மாத்திக் கேட்டிருந்தீங்க. எட்டுக்கும் இல்லன்னுதான் போட்டேன். எனக்குத் தோள் அகலமா வேணும். கை உருண்டு திரண்டு இருக்கணும். மெலிஞ்சா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆயிடறேன். கஸ்டமர் எல்லாம் "தம்பி, கடையில பெரியவங்க இல்லையா"ன்னு கேக்கறாங்க.

— அதுதான் எங்களுக்குப் புரியல. மெலிய ஆசை இல்ல. பசியும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் வீட்டுச் சாப்பாடு மட்டும் வேண்டாம்?

— சொன்னா வேற பேரு வெச்சுடுவீங்க.

— வெக்க மாட்டேன்.

— உங்களை மாதிரிதான் இன்னொரு டாக்டரும் சொன்னாரு. சரின்னு ஆரம்பிச்சேன். பாதியிலேயே பேனாவை எடுத்துட்டாரு. எதிர்ப்பக்கத்துலேர்ந்து படிச்சேன். சந்தேக நோயா இருக்கலாம்னு எழுதினாரு. அந்த மாசம் ஊசி கிடைக்கல. சாப்பாட்டு நோய்னா ஒரு நோய். இதையும் சொன்னா ரெண்டு நோய். எனக்கு ஒண்ணே போதும் மேடம்.

— சந்தேகமா? யாரு மேலடி?

— யாரு மேலயும் இல்லம்மா. பொதுவா.

— அது என்ன பொதுவா?

— விடும்மா.

— நான் ஒண்ணு கேக்கட்டுமா? கொஞ்சம் சங்கடமான கேள்வி. அம்மா எதிர்க்க வேண்டாம்னா அப்புறம் கேக்கறேன்.

— கேளுங்க. இவங்களுக்குத் தெரியாம என்கிட்ட என்ன இருக்கு.

— ஊசி ஆரம்பிச்ச நாலாவது மாசம் மாதவிடாய் நின்னுடுச்சு. அப்புறம் ரெண்டு தடவை திரும்ப வந்திருக்கு. டோஸைக் கூட்டியும் வந்திருக்கு. டாக்டருக்கே காரணம் பிடிபடல. அந்த ரெண்டாவது தடவைக்கு அப்புறம்தான் நீங்க சாப்பாட்டை விட்டிருக்கீங்க. அந்த அதிர்ச்சியில வந்த நோய்னு நான் எழுதியிருக்கேன். சரியா?

— நல்லா எழுதியிருக்கீங்க.

— மேடம், அதையெல்லாம் கேக்காதீங்க. வெக்கமா இருக்கு.

— உனக்கு என்னம்மா வெக்கம்? வந்தது எனக்கு.

— கண்ணு…

— இல்ல, கேக்கட்டும். நானும் யாருகிட்டயாவது சொல்லணும். கடையில இருக்கறப்ப வந்துச்சு மேடம். அங்க எல்லாரும் ஆம்பளைங்க. யாருக்கும் என்னைப் பத்தித் தெரியாது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் வெளியில நின்னு பாட்டுப் பாடுவாங்க. நான் அப்ப ஸ்டூல்ல உக்காந்து ஒருத்தருக்குக் கண்ணாடி சரி பண்ணிக்கிட்டிருந்தேன். எந்திரிக்க முடியல. சாப்பாட்டு நேரம் வந்துச்சு, எந்திரிக்கல. முதலாளி வந்து "என்னடா, ஸ்டூலோட ஒட்டிக்கிட்டியா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கடை மூடி எல்லாரும் போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம் ஸ்டூலைக் கழுவி வெச்சுட்டு, இடுப்புல சட்டையக் கட்டிக்கிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

— பஸ்ஸுல வந்திருக்கலாமே.

— யாராவது உக்காரச் சொல்லுவாங்கம்மா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ.

— சொல்லி? அன்னிக்கு நீ எவ்வளவு சந்தோஷமா இருந்த, ஞாபகம் இருக்கா? துணி துவைக்கற எடத்துல பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம உள்ள போய் எனக்கு முட்டை ரெண்டு சேத்து வெச்ச. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.

— அம்மா, தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம் மேடம். சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க.

— சரிம்மா. அப்ப சோதனைச் சாப்பாட்டை ஆரம்பிக்கலாம். ஆறு கரண்டி போதும். அதுக்கு மேல உங்க இஷ்டம்.

— ஆறு கரண்டி சாப்பிட்டா?

— சாப்பிட முடியுதுன்னு எழுதுவேன். வார்டு வேண்டியதில்ல. வாராவாரம் வந்து பாத்துட்டுப் போனாப் போதும்.

— ஊசி?

— தொடரும்.

— முட்டை சாப்பிட்டுக் காட்டறேனே. பையிலேயே வெச்சிருக்கேன், நாலு இருக்கு. உங்களுக்கும் ஒண்ணு.

— முட்டை நீங்க எப்பவும் சாப்பிடறதுதான். எது முடியலையோ அதைத்தான் பாக்கணும். வீட்டுல சமைச்சதாத்தான் இருக்கணும். விதியை நான் போடல, மன்னிச்சுக்கோங்க.

— ஆறு கரண்டி.

— ஆமா.

— சரி. டப்பாவைத் தள்ளுங்க.

— சாப்பிடப் போறியா கண்ணு?

— நீதானேம்மா சாப்பிடு சாப்பிடுன்னு உயிரை எடுத்த.

— சாப்பிடு. சாப்பிடத்தானே கொண்டு வந்தேன். இல்ல… காலி வயித்துல ஒரேயடியாப் போடாத. ரெண்டு கரண்டி போதாதா மேடம்?

— ஆறுன்னு இருக்கும்மா. ஒரு நிமிஷம், கரண்டிய இப்படிக் குடுங்க. முதல் கரண்டி நான் சாப்பிடணும்.

— நீங்களா?

— அதுதான் எங்க முறை. ஒருத்தர் உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா சாப்பாடு யாருக்கும் தொண்டையில எறங்காது. அதனால அதே டப்பாவுலேர்ந்து நானும் கூடச் சாப்பிடணும், முதல்ல நான். போன்ல சொல்ல விட்டுப்போச்சு. உண்மையச் சொன்னா மத்தியானமும் நான் சாப்பிடல. வாசனை அப்பவே இழுத்துது.

— வேண்டாம் மேடம்.

— கரண்டியக் கீழ வை பாப்பா!

— என்ன, அம்மாவும் புள்ளையும் ஒண்ணாக் கத்தறீங்க?

— உங்களுக்கு ஒத்துக்காது மேடம். எங்கம்மா காரம் கொஞ்சம் தூக்கலாப் போடுவாங்க.

— நானூறு குழந்தைங்களுக்குச் சமைக்கறவங்க கை. எனக்கா ஒத்துக்காது?

— நீங்க சாப்பிட்ட மாதிரி எழுதிக்கோங்க. நான் நெஜமாவே சாப்பிடறேன். பாருங்க, எடுத்துட்டேன்.

— அப்படிச் செய்யக் கூடாதுங்க. குடுங்க இப்படி. ஒரு வாய்தானே.

— வேண்டாம் பாப்பா! ஊரான் வீட்டுப் பொண்ணு நீ. வாழ வேண்டியவ. உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா உன்னைப் பெத்தவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— அப்ப என்னைப் பெத்தவளுக்கு நீ என்னம்மா பதில் சொல்லுவ?

— அம்மா, என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாத்துக்கறீங்க?

— நீ ஏன் தடுத்த?

— சும்மாதான்.

— நான் தடுத்தது சரி. மேடத்தை நீ ஏன் தடுத்த?

— அம்மா, வெயில்ல கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான். எந்திரி, வீட்டுக்குப் போகலாம்.

— உனக்குத் தெரியுமா?

— போகலாம்மா.

— தெரிஞ்சுக்கிட்டேதான் கரண்டிய எடுத்தியா?

— ஆறு கரண்டிதானேன்னு நெனச்சேன். ஊசி இருந்தா சமாளிச்சுக்கலாம்.

— எனக்கு ஒண்ணும் புரியல. தப்பா எடுத்துக்காதீங்க, நான் ஏதாவது எழுதியாகணும். ஆரம்பிச்ச நேரம் போட்டாச்சு. சாப்பாடு வந்துது, சாப்பிடல. அவரு மறுத்துட்டாருன்னு எழுதட்டுமா?

— எழுதுங்க மேடம். மறுத்துட்டேன்.

— அப்படி எழுதினா திங்கக்கிழமையே வார்டு. ஊசியும் நின்னுடும். தெரியும் இல்ல?

— தெரியும்.

— அப்புறம் ஏங்க?

— எழுதிடுங்க. எனக்கு நோய்தான். பழகிடும்.

— மேடம், அந்தப் பேனாவைக் கொஞ்சம் வைங்க.

— அம்மா. யோசிச்சுப் பேசு. ஸ்கூல் அடுப்படியில நிக்கறவ நீ. இது வெளியில போனா நாளைக்கு உன்னை ஒரு கரண்டி தொட விடுவாங்களா?

— விட மாட்டாங்க.

— அப்ப வாயை மூடிக்கிட்டு எந்திரி.

— நீ மூடிக்கிட்டு இருந்தது போதும். மேடம், மறுத்தான்னு எழுதாதீங்க. அவனுக்கு நோயும் இல்ல, சந்தேகமும் இல்ல. பொம்பளைங்களுக்குக் குடுக்கற ஹார்மோன் மாத்திரைய நான்தான் தினமும் பொடி பண்ணி அவன் சோத்துல கலக்கறேன்.